மஸ்கட்டில் இறந்த தம்பியை நெய்வேலிக்குக் கொண்டுவந்த நாள்

இந்தப் பயணத்தை எழுத வேண்டாம் என்றுதான் ஐந்தாறு மாதமாக இருந்தேன். கொல்லிமலைக்கு எந்த பஸ், மலாக்காவில் சைவச் சாப்பாடு எங்கே என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களிடம் சவப்பெட்டியைப் பற்றி என்ன எழுதுவது? ஆனால் போன வாரம் ஒரு பெண் மெயில் அனுப்பியிருந்தார். அண்ணன் குவைத்தில் இறந்துவிட்டாராம். "நீங்கதான் நிறைய ஊர் சுத்தறீங்களே, ஏர்போர்ட்ல எங்க போய் நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் போட்டுவிட்டேன். அவரைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

என் தம்பி பெயர் பாபு. மஸ்கட்டுக்குப் பக்கத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்தான். நாற்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் "நீ மொதல்ல பண்ணு, அப்புறம் நான்" என்பான். நானும் செய்துகொள்ளவில்லை. ஒருவரையொருவர் சாக்காக வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தப்பித்துக்கொண்டிருந்தோம். அப்பா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரும் அம்மாவும் போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான், அவ்வளவுதான் குடும்பம். மாசி மாதம் ஒரு காலையில், கேம்ப்பில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கேயிருந்து உடனே அனுப்ப மாட்டார்கள். போலீஸ், ஆஸ்பத்திரி, தூதரகம் என்று ஒவ்வொன்றாக நகர வேண்டும். எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்தியதற்கான சான்றிதழ், ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று ஆகிய நான்கும் கட்டாயம். கம்பெனியில் ஒரு மலையாளிப் பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். அவனைப் போல ஒருவர் கிடைத்தால் தினமும் போன் செய்து நச்சரியுங்கள், கூச்சப்படாதீர்கள். நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை. நான் கிளம்பத் தயாராகத்தான் இருந்தேன். "வந்தா நீங்க பேசஞ்சர், அவர் கார்கோ. எப்படியும் தனித்தனியாத்தான் வருவீங்க சேச்சி" என்று அவன் சொன்ன பிறகு விட்டுவிட்டேன்.

சென்னை விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் அரசே இலவசமாக ஆம்புலன்ஸ் தருகிறது. கலெக்டர் ஆபீஸில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். முகவரியை பாஸ்போர்ட்டில் இருந்தபடியே எழுதிக் கொடுத்தேன். அதில் என்ன முகவரி இருக்கிறது என்று அன்றைக்கு நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

வடலூரிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். கிளாம்பாக்கத்தில் எட்டரைக்கு இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்தில் விமான நிலையம். பயணிகள் வெளியே வரும் பக்கம் போகாதீர்கள், நான் போனேன். பூங்கொத்தோடு நிற்கிறவர்களுக்கு நடுவில் கால் மணி நேரம் மூடத்தனமாக நின்றேன். கார்கோவுக்குத் தனி வாசல், தனி பாஸ். உங்கள் ஆதாரின் ஒரிஜினலும் இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று காட்டும் ஒரு சான்றும் கையில் இருக்கட்டும். உள்ளே வளைகுடாவுக்குப் போகும் முருங்கைக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தன. இடமெல்லாம் மசாலா வாசனை. கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமல், "மஸ்கட் பாடி யாருங்க?" என்று கூப்பிட்டார். "நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

சுகாதாரத் துறை, கஸ்டம்ஸ் எல்லாம் முடிந்து பெட்டி வெளியே வரப் பதினொன்றரை ஆகிவிட்டது. பலகைப் பெட்டி. மேலே பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, கீழே எடையைப் போட்டிருந்தார்கள். லீவில் வரும்போதெல்லாம் முப்பது கிலோவுக்கு மேல் ஒரு கிலோ ஏறிவிட்டால் பேரீச்சம்பழத்தை ஏர்போர்ட்டிலேயே பிரித்து யாருக்காவது கொடுத்துவிட்டு வருவான். அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். "முன்னாடி குந்துங்கம்மா. பின்னாடி ஒத்தையா வேணாம்" என்றார். சென்னையிலிருந்து திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாக நெய்வேலி ஆர்ச் கேட் வரை கிட்டத்தட்ட நூற்று எண்பது கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடியில் ஆம்புலன்ஸை நிறுத்த மாட்டார்கள். விக்கிரவாண்டி தாண்டினால் சாலை வேலை நடக்கிற இடங்களில் வண்டி குதிக்கும். அங்கே மட்டும் டிரைவர், "மெதுவா போறேம்மா" என்று சொல்லிவிட்டு ஓட்டினார். அவர் என்னிடம் சொன்னாரா பின்னால் இருந்தவனிடம் சொன்னாரா தெரியவில்லை.

இந்த வலைப்பூவில் 'தனியாகப் பயணம் செய்யும் பெண்' என்று பெருமையாகப் போட்டிருக்கிறேன். அது முழுப் புளுகு என்று திண்டிவனத்தில் புரிந்தது. நான் எந்த ஊரில் இறங்கினாலும் பாபு போன் செய்வான். ரூம் எப்படி, ஆட்டோக்காரன் எவ்வளவு கேட்டான், சாப்பிட்டாயா என்று நோண்டுவான். "நீ எழுதறதப் படிச்சிட்டு எவனாவது அந்த ஊருக்குப் போயிருக்கானா?" என்று கிண்டல் வேறு. அன்றைக்கு என் போன் ஓயாமல் அடித்தது. அத்தனை பேர் பேசினார்கள். சாப்பிட்டாயா என்று ஒருத்தர் கேட்கவில்லை.

பண்ருட்டிக்குள் நுழையும்போது ஹவுஸ் ஓனர் கூப்பிட்டார். வடலூரில் அவர் வீட்டின் கீழ்ப்போர்ஷனில் நான் வாடகைக்கு இருக்கிறேன். நல்ல மனிதர்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பொண்ணு மாசமா இருக்கா, வர்ற வெள்ளிக்கிழம வளைகாப்பு. பாடிய இங்க வெச்சா வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நேரா அங்கேயே கொண்டு போயிடுங்களேன்."

'அங்கேயே' என்றால் சுடுகாடு. எனக்கு வந்த கோபத்தில் போனை விட்டெறிந்திருப்பேன். இரண்டு நாள் முன்பு நான் அவரிடமே சொல்லி, அவரும் சரி என்று தலையாட்டிய விஷயம். ஆனால் எதை வைத்துச் சண்டை போடுவது? வீடு அவருடையது. சொந்தக்காரர்கள் ஊருக்குக் கொண்டு போகலாம் என்றால் எங்களுக்கு ஊர் கிடையாது. அப்பா தென்காசிப் பக்கம், அம்மா அருப்புக்கோட்டைப் பக்கம், இரண்டு இடத்திலும் எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. நெய்வேலியோ சுரங்கத்துக்காகப் பல ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்த டவுன்ஷிப். சொந்த ஊர் நெய்வேலி என்று சொன்னால், "அது சரி, சொந்த ஊர் எது?" என்று மறுபடி கேட்பார்கள். ஒரு மனிதனைக் கடைசியாக இறக்கி வைக்க, தலைமாட்டில் ஒரு விளக்கு ஏற்ற, நான்கு பேர் முகம் பார்க்க ஒரு வாசல் வேண்டும். இத்தனை வருடம் பாலைவனத்தில் கிடந்து சம்பாதித்தவனுக்கு அது இல்லை.

"நேரா சுடுகாட்டுக்கே போங்கண்ணே" என்றேன்.

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "நாலு சனம் மூஞ்சி பாக்காம எப்டிம்மா எட்த்துகினு போறது? அதுவும் இல்லாம என் பேப்பர்ல வடலூரே இல்லியே. டவுன்ஷிப்பு குவாட்டர்ஸ்தான போட்டுகீது?"

அப்போதுதான் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் அப்பாவின் குவாட்டர்ஸ் நம்பர். டவுன்ஷிப்பில் வளர்ந்த எல்லோரும் செய்கிற தப்பு இது. ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் அந்த நம்பரைத்தான் போடுவோம், பிறகு மாற்றவே மாட்டோம். அப்பா ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது யார் இருக்கிறார்களோ? அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜார்ஜ் மாமா போனில் வந்தார். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர்.

"எங்கம்மா வந்துட்டிருக்க? நாங்க எல்லாரும் வீட்லதான் இருக்கோம்."

"எந்த வீட்ல மாமா?"

"என்ன கேள்வி இது? நம்ம வீட்லதான்."

காலையில் நான் வாட்ஸப்பில் 'பாபு இன்று மாலை நெய்வேலி வருகிறான்' என்று மட்டும் போட்டிருந்தேன், வடலூர் வீட்டு முகவரியை எழுத விட்டுப்போயிருந்தது. அப்பாவின் ஷிஃப்ட் ஆட்கள், பாபுவோடு படித்தவர்கள், பழைய தெருக்காரர்கள் என்று ஒருத்தர் விடாமல் மாலையோடு அந்தக் குவாட்டர்ஸுக்குப் போயிருக்கிறார்கள். கால் பழகின வீடு. அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது என்பது வாசலில் நின்ற பிறகுதான் அவர்களுக்கு உறைத்திருக்கிறது.

காடாம்புலியூர் முந்திரிக் கடைகளைத் தாண்டி ஆர்ச் கேட்டில் திரும்பினோம். எங்கள் தெருமுனை வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் சவத்தோடு போய் நிற்கப் போகிறேன், மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்படியே திருப்பிவிடலாம் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். கேட் அகலத் திறந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பைக்கைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் நிறுத்தி, வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், பெயர் செல்வி. புருஷன் மைன்ஸில் பர்மனெண்ட், பகல் ஷிஃப்ட் போயிருந்தார்.

"மாலையோட வந்து நிக்கிறாங்க, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுக்கா. எங்க வூட்டுக்காருக்குத்தான் என்னமோ ஆயிடுச்சின்னு நெனச்சிட்டேன். அப்றம்தான் அந்த மாமா வெவரம் சொன்னாரு. எறக்குங்க, எதுக்கு நின்னுகினு இருக்கீங்க?"

"உங்க வீட்டு ஆளுங்க எதுவும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க காடாம்புலியூர்ல வெளிய செத்தவங்கள ஊருக்குள்ளயே வுட மாட்டாங்க. எல்லையிலயே வெச்சி எட்த்துடுவாங்க. இது ஊரா? குவாட்டர்ஸ்தான? இங்க யாரு வந்து கேக்கப்போறாங்க?"

சொந்த ஊர் இல்லை என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தவள் நான். அது ஊராக இல்லாததால்தான் என் தம்பிக்கு வாசல் கிடைத்தது.

முகத்துக்கு நேரான பலகையை மட்டும் திறந்தோம். முழுப்பெட்டியையும் திறக்காதீர்கள், பதப்படுத்திய உடல் அதிக நேரம் தாங்காது. முகம் கொஞ்சம் கறுத்து, வேறு யாரோ போல இருந்தான். ஒரு மணி நேரம் வைத்திருந்தோம். அரிசி போடுவதா எள் போடுவதா என்று நான்கு மாவட்டத்துக்காரர்களும் நான்கு விதமாகச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் போட்டார்கள். கொள்ளி நான்தான் வைத்தேன். பெண் வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

இனி இதே வேலையாக அலையப் போகிறவர்களுக்கு. ஒரிஜினல் பேப்பர்களை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், கார்கோ பக்கம் ஒன்றும் கிடைக்காது. வாடகை வீடு என்றால் ஓனரிடம் மட்டும் கேட்டால் போதாது, வீட்டிலிருக்கும் எல்லோரிடமும் கேளுங்கள். முடிந்தால் ஒரு ஆளைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள் என்று இந்த வலைப்பூவில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

சுடுகாட்டிலிருந்து திரும்பி என் பையை எடுக்க அந்த வீட்டுக்குப் போனபோது, செல்வி வாசலைக் கழுவிவிட்டு, பாபு கிடந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தாள். பையை எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் படியிறங்கினேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது அல்லவா? கேட் தாண்டும்போது கூப்பிட்டாள்.

"என்னக்கா, சொல்லாமகொள்ளாம போறீங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அதான் கழுவி வெளக்கேத்தியாச்சே. இனிமே இது சாவு வூடு இல்ல, எங்க வூடு. சொல்லிட்டுப் போங்க."

வடலூரில் கதவைப் பூட்டினாலும் திறந்தாலும் கேட்க ஆளில்லாத வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"போயிட்டு வரேன் செல்வி."

"வாங்க."