தம்பியின் கண்ணாடிக்கு வந்த வரி

கூரியர் ஆபீசிலிருந்து வெறுங்கையோடு பீச் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சங்கு குளிக்கும் என் தம்பிக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த முக்குளிப்புக் கண்ணாடி அங்கேயே கிடந்தது. அவனுடைய பழைய கண்ணாடியில் கடல்நீர் கசிந்து, ஒரு கண் எப்போதும் சிவந்திருக்கும்.

“சுங்கவரி, அதுபோக எங்க கிளியரன்ஸ் சார்ஜ். ரெண்டும் சேந்தா கண்ணாடி விலையே வந்துட்டு அண்ணாச்சி. வெள்ளிக்குள்ள கட்டலன்னா திரும்பிப் போயிரும்,” என்றிருந்தார் கவுண்டரில் இருந்தவர்.

துறைமுகத்தில் எத்தனையோ வெளிநாட்டு மூட்டைகளைச் சுமந்தவன் நான். கையளவு பார்சலுக்கும் வரி உண்டென்று தெரியாமல் போயிற்று.

விஷயத்தைச் சொன்னதும் தம்பி சிரித்தான். “விடுண்ணே, சங்கு என் கண்ணப் பாத்தா பயந்து ஓடப் போவுது?”

இப்போதெல்லாம் வரியும் கூரியர் கட்டணமும் விலையில் சேர்ந்ததா என்று கேட்காமல் வெளிநாட்டுப் பொருளுக்குப் பணம் கட்டுவதில்லை.

அன்று வெறுங்கையோடு திரும்பிய மறுநாள் காலை அவன் பழைய கண்ணாடியோடு கடலுக்குப் போனான். நான் வரிப் பணத்துக்காக உப்பளத்தில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். அங்கே கூலி சனிக்கிழமைதான் தருவார்கள்.