பிளக் என் கையில்தான் இருந்தது

கதை விடுகிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் என் மச்சானின் வலது கையில் இன்றைக்கு மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. அதை யாரும் கட்டுக்கதை என்று சொல்லிவிட முடியாது.

எனக்கு போர்டும் பேனரும் செய்யும் கடை. பிரிண்ட் போடுவதை வெளியே கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு மெஷின் வாங்க முடிவு செய்தேன். கடையில் எனக்கு எல்லாமே என் மனைவியின் ஒரே தம்பிதான். அவனுக்கு வாயும் ஓயாது, வேலையும் ஓயாது. ஆறடி மெஷினாக இருந்தாலும் புதுசாக வாங்கலாம் என்று படித்துப் படித்துச் சொன்னான்.

"பழசு வேண்டாம் மாமா. அவன் எதுக்கு விக்கிறான்னு நமக்குத் தெரியுமா?"

நான் கேட்டால்தானே! எனக்கு விலைக்கு வந்த ஒரு பழைய பத்தடி மெஷின்மேல் ஆசை. மை தெளிக்கும் ஹெட் நாலு, சோதனை பிரிண்டில் ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை. விற்றவர் பேரமே பேசவில்லை. "சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். அதை அதிர்ஷ்டம் என்று நினைத்த முட்டாள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10:40. நான், மச்சான், மெஷினைப் பொருத்த வந்த மெக்கானிக், மூன்று பேர்தான். மெஷினின் கால்களைத் திருகி மட்டம் பார்த்தோம். மை போகும் குழாய்களைக் கழுவினோம். கறுப்பு மை மட்டும் ஊற்றினோம். மற்ற மூன்று கேன்களின் சீலைக்கூட உடைக்கவில்லை.

11:20. சுவிட்சைப் போட்டோம். ஹெட்களைச் சுமக்கும் கேரேஜ், தண்டவாளத்தில் ஓடி வலது ஓரத்தில் போய் நிற்க வேண்டும். அந்த இடத்துக்குத் தொழிலில் 'ஹோம்' என்று பெயர். அது பாதி வழியிலேயே நின்றது.

டொக்.

மறுபடி போட்டோம். அதே இடம். டொக். மெத்தென்று எதன் மீதோ முட்டியது போல… ஆனால் தண்டவாளத்தில் ஒன்றுமே இல்லை.

"வீட்டுக்குப் போக அடம் பிடிக்குது, உங்க மச்சான் மாதிரியே" என்று மெக்கானிக் சிரித்தார்.

11:52. ஒருவழியாக ஹோமுக்குப் போய்ச் சேர்ந்து, சோதனை பிரிண்ட் வந்தது. கறுப்புக் கோடுகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் சிவப்பாக ஒரு தீற்றல். சிவப்பு மை கேன் மூலையில் சீல் உடையாமல் இருந்தது.

மச்சான் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மாமா… சூடா இருக்கு."

பழைய மை எங்காவது தங்கியிருக்கும் என்றார் மெக்கானிக். கரண்ட் பார்க்கும் மீட்டரை எடுத்து வர, தெருமுனையில் நிறுத்திய வண்டிக்குப் போனார்.

மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். அதற்கு ஒரு சென்சார் உண்டு. ஓடும்போதே உள்ளே பார்க்க, அதன்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி ஏமாற்றுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்யும் திருட்டு வேலை. நானும் டேப்போடு போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு டேப் இருந்தது. அதன் ஓரத்தில் காய்ந்த பழுப்புக் கறை…

பிளக்கையே பிடுங்கிவிட்டேன்.

"கரண்ட் இல்ல. இப்ப பாரு."

மச்சான் குனிந்து தலையை உள்ளே விட்டான்.

12:07.

பிளக் என் கையில் இருந்தது. கேரேஜ் நகர்ந்தது.

சர்ர்ர்… டொக்!

இந்த முறை அது முட்டியது மச்சானின் காதில். அலறினான். எழப் பார்த்தான், முடியவில்லை. யாரோ பிடரியில் கை வைத்து அமுக்குவது போல அவன் கழுத்து இன்னும் கீழே போனது.

கேரேஜ் பின்வாங்கியது. திரும்ப வந்தது.

டொக்!

ஒரு பல் தெறித்து என் சட்டையில் பட்டது. அவன் கையைக் குறுக்கே கொடுத்தான். அந்தக் கையின்மேல் ஏறியது. எலும்பு நொறுங்கும் சத்தம்…

பிளக்கை வீசினேன். ஸ்பேனரால் அடித்தேன். அடித்தேன். மூடி உடைந்தது. அது நிற்கவில்லை. பேனர் வெட்டும் கத்தியால், கேரேஜை இழுக்கும் பெல்ட்டை அறுத்தேன்.

பெல்ட் அறுந்த பிறகும் ஒரு தடவை வந்தது.

டொக்.

பிறகுதான் நின்றது. மச்சான் ரத்தத்தோடு என்மேல் சரிந்தான். மெக்கானிக் மீட்டரோடு ஓடி வந்தபோது மணி 12:09.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். என் மனைவி பக்கத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"ஏன் மாமா என்னை அமுக்குனீங்க?"

"நானா? நான் காப்பாத்தினேன்டா!"

"திரும்பிப் பார்த்தேன். நீங்கதான்… சிரிச்சுக்கிட்டே அமுக்குனீங்க."

என் மனைவி என் கைகளைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

வெளியே வந்து, மெஷினை விற்றவருக்கு ஃபோன் போட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"உயிர் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அமுக்குனது நீங்கன்னு சொல்றாரா?"

அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

"என் தம்பியும் சாகறதுக்கு முன்னாடி அதையேதான் சொன்னான். நான் அமுக்குனேன்னு. அன்னிலேர்ந்து எங்கம்மா என்கூடப் பேசறதில்ல…"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னிக்கு நான் ஊர்லயே இல்லைங்க."