ஒத்திகையில் உடைந்த கால்

அவளும் நானும் ஒரே வார்டில், ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் நர்சுகள். வெளிநாட்டில் நடந்த பேரிடர் மீட்புப் பயிற்சிக்கு அவளைத்தான் அனுப்பினார்கள். அவளுடையது வீட்டில் பிரெஞ்சு பேசுகிற குடும்பம். அந்த முகாமில் பிரெஞ்சு வேண்டுமாம். எங்கள் வீட்டில் ‘மெர்சி’க்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது.

திரும்பி வந்தவள் வாயே மூடவில்லை. “கண்ணுல ஒரு பெட்டிய மாட்டி விட்டுடுவாங்கடி. இடிஞ்ச கட்டடத்துக்குள்ள நடக்கிற மாதிரியே இருக்கும். கூரை தலையில விழுந்துடும்னு குனிஞ்சே நடந்தேன்.”

“அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? நம்ம வார்டு கூரைய நிமிந்து பாரு, போதும்” என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த முகாமுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் ஒருவர் போகலாம், இந்த முறை பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றார்கள். நோணாங்குப்பம் படகுத்துறையில் வெள்ள மீட்பு ஒத்திகை. அதில் நன்றாகச் செய்பவருக்கே அந்த இடம். முதல் சுற்றில் நோயாளியாக நடிப்பவர்கள் இரண்டாம் சுற்றில் மீட்பவர்களாக மாற வேண்டும். நான் பாஸ்போர்ட்டே எடுத்து வைத்துவிட்டேன்.

ஒத்திகைக்கு முன்னால் அவள்தான் வகுப்பெடுத்தாள். ஏதோ கையைத் தூக்கிக் காட்டினாள், எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அவள் போட்டிருந்த ஆரஞ்சு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில்தான் எத்தனை பாக்கெட்! கடங்காரி, அது அவளுக்குப் பொருந்தி வேறு தொலைத்தது.

எனக்குக் கிடைத்தது லேசாகக் காயம்பட்டவள் வேடம். படகிலிருந்து இறங்கும்போது பாசிப் படியில் வழுக்கி விழுந்தேன். கணுக்காலில் மளுக்கென்று ஒரு சத்தம்.

“ஐயோ அம்மா! நெசமாவே உடைஞ்சிபோச்சுடி!” என்று கதறினேன்.

பாவி, ஓடி வந்து என் கழுத்தில் பச்சை அட்டையை மாட்டினாள். இவள் காத்திருக்கலாம் என்று அர்த்தம். “சூப்பரா நடிக்கிறடி” என்று காதில் சொல்லிவிட்டு, சத்தமே இல்லாமல் கிடந்த அடுத்த ஆளிடம் போய்விட்டாள். கரையில் நின்ற மேற்பார்வையாளர்கள் கை தட்டினார்கள். நான் கத்தக் கத்த இன்னும் தட்டினார்கள்.

கால் வீங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “நெசமா அடிபட்டா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னனேடி!” என்று அழுதாள். ஆம்புலன்சில் என் கூடவே வந்தாள். மாவுக்கட்டோடு இரண்டாம் சுற்று ஏது? அந்த இடம் ஒரு ஜூனியருக்குப் போனது.

போன வாரம் அந்த வெளிநாட்டு முகாமிலிருந்து போன் செய்தாள். இப்போது அங்கே அவளே பாடம் எடுக்கிறாளாம்.

“முதல் வகுப்புல உன் கதையதான்டி சொன்னேன். கட்டுப் போட்ட உன் கால் போட்டோவ பெரிய திரையில காட்டினேன். எத்தன நாட்டுக்காரங்க தெரியுமா! எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினாங்க.”

நான் போக முடியாத ஊருக்கு என் கால் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதையும் அவள்தான் கூட்டிப் போயிருக்கிறாள்.