மதியழகனின் முதுகு

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் லோடு ஏற்றுகிறவர்களிடம் போய், முட்டையை உடையாமல் எப்படித் தூக்குவது என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போய்விடுவார்கள். அது சொல்லி வருகிற காரியம் இல்லை. ஓர் அட்டைக்கு முப்பது முட்டை, ஏழு அட்டை அடுக்கினால் ஒரு கட்டு. தலையில் வைத்தால் ஆடும், தோளில் வைத்தால் சரியும், முதுகில் ஏற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால் இரண்டு கட்டை ஒன்றாக அடுக்கி, அடியில் இரு கைகளையும் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்து, மேல் அட்டையில் தாவாங்கட்டையை ஊன்றிக்கொள்ள வேண்டும். அப்படித் தூக்கிய பிறகு நம் கால் நமக்குத் தெரியாது. பாதம்தான் தடவித் தடவி வழி கண்டுபிடிக்க வேண்டும்.

காளியண்ணன் முப்பது வருஷம் இப்படித் தூக்கியவர். அவருடைய ஒரே மகன் மதியழகன் பன்னிரண்டாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு அதே பண்ணைக்கு வந்து சேர்ந்தான். முதல் வாரம் அவன் சட்டையில் மஞ்சள் கரு படாத இடமே இல்லை. அவன் அம்மா மயிலம்மாள் துவைத்துத் துவைத்து, "இதுக்கு நீ ஊட்டுல குந்திக்கிட்டே இருந்திருக்கலாம் சாமி" என்றாள். இரண்டாவது மாதத்தில் பையனிடம் உடைவது நின்றுபோயிற்று. கட்டை இறக்கி வைத்ததும் மேல் அட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவான். எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். வேறு யாருக்கும் இல்லாத பழக்கம் அது, எங்கிருந்து பிடித்தான் என்று அப்பனுக்கே தெரியாது.

ஒருநாள் மத்தியானம் லாரியின் பக்கப் பலகை கொக்கியிலிருந்து கழன்று சாய்ந்தது. கீழே நின்றவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் காளியண்ணனும் ஒருவர், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மதியழகன் மட்டும் ஓடவில்லை. கட்டோடு அப்படியே திரும்பிக் குனிந்துகொண்டான். பலகை அவன் முதுகில் விழுந்தது. அவன் தள்ளாடியபடியே நாலு எட்டு நடந்து, கட்டை இறக்கி வைத்து, இரண்டு தட்டு தட்டிவிட்டு, அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தான். முதுகு கன்றிப்போயிருந்தது, முட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

காளியண்ணனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "முட்டை போனாப் போவுது. உம் முதுகு போனா எவன்டா தருவான்?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

"கையில எடுத்தாச்சுங்கப்பா. அப்புறம் எப்படி உடறது?" என்றான் பையன்.

இப்படிப்பட்டவன் பட்டாளத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது ஊரே விழித்தது. அந்தப் பக்கத்துப் பையன்கள் லாரிக்குப் போவார்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறிக்கொண்டு வடக்கே போவார்கள், அதுவும் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது கோழி. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்து, சட்டை எடுக்கத் திருச்சிக்குப் போவதாகப் பொய் சொல்லி, ஓடிக் காட்டித் தேறி வந்திருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. அங்கே லாரி ஓட்டும் வேலையா என்று காளியண்ணன் ஒரு சின்ன நம்பிக்கையோடு கேட்டார். இல்லை, நடந்து போகிற காலாட்படை என்றான். ஏன் என்பதற்கு மட்டும் கடைசிவரை ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. இந்த ஊரில் எல்லாரும் உட்கார்ந்தபடியே நாட்டைச் சுற்றிவிட்டு வருகிறார்கள், நான் நடந்து பார்க்கிறேன் என்று சிரித்தான். அப்பன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே போய்ப் பெட்டி வாங்கி வந்தார்.

வெலிங்டனில் பயிற்சி முடிந்து வடக்கே போனான். கடிதங்கள் வந்தன. எல்லாம் சாப்பாட்டுக் கதைதான். மலை மேலே முட்டை பொடியாக வருகிறது, தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டுமாம், நாமக்கல்காரன் இதைச் சாப்பிடுகிறான் என்று பண்ணையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று எழுதியிருந்தான். காளியண்ணன் அன்றைக்கே எல்லாரிடமும் சொன்னார். பண்ணை ஒரு வாரம் சிரித்தது.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை வந்தது. ஆனி மாதத்தில் மதியழகன் பெட்டியில் வந்தான். வயது இருபத்திரண்டு.

அன்றைக்குத் திரண்ட கூட்டத்தை அந்த ஊர் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. லாரிக்காரர்கள் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். முகம் மட்டும் பார்க்கலாம் என்று கூட வந்த ஹவில்தார் சொன்னார். புது வேட்டியை என் கையால் போர்த்தித்தான் அனுப்புவேன் என்று காளியண்ணன் கேட்க, அந்த மனிதர் கண் கலங்கி ஐந்து நிமிடம் கொடுத்தார். நாலு பேர் சுற்றிலும் துணி பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் காளியண்ணன் அதைப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது, ஒரு காயம் இல்லை. வேட்டியைச் சுற்ற முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தபோது, பஞ்சு வைத்துக் கட்டிய மூன்று இடங்கள் விரலில் தட்டுப்பட்டன. மூன்றும் முதுகில்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை, மயிலம்மாளிடம்கூட. முதுகில் குண்டு படுகிறவன் எந்தப் பக்கம் பார்த்து ஓடியிருப்பான் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, பயந்திருப்பான், பயப்படாமல் என்ன செய்வான் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். ஆனாலும் ஊர், வீரன் என்றது. பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்குக் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று இரண்டு வருஷம் தட்டிக்கழித்தார். எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று ஊர் அதற்கும் மெச்சியது. அந்த மெச்சுதல் அவருக்குச் சோற்றில் மண் மாதிரி இருந்தது.

இதற்கிடையில் ராணுவ ஆஸ்பத்திரி முத்திரையோடு இரண்டு கடிதங்கள் வந்தன. விசாரணைக் காகிதம் என்றே அவர் நினைத்தார். பிரித்தால் ஓடினான் என்ற வார்த்தை எழுத்தில் இருக்கும், எழுத்தில் பார்த்துவிட்டால் பிறகு அது இல்லையென்று ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாத மயிலம்மாளிடம், அரசாங்கம் எல்லாருக்கும் அனுப்புகிற காகிதம் என்று சொல்லி, பிரிக்காமலே, படையிலிருந்து அனுப்பி வைத்த மகனின் துணிப்பெட்டியின் அடியில் போட்டு வைத்தார். அன்றைக்குப் பலகைக்குப் பயந்து ஓடியதைவிட இது பெரிய ஓட்டம் என்பது அவருக்கே தெரியாமல் இல்லை.

இரண்டரை வருஷம் கழித்து, மார்கழிக் கடைசியில் ஒரு காலைப்பொழுது. முப்பது வயதுகூட ஆகாத ஒருவன், ஊன்றுகோலோடு பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோவை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, ஒன்றரை மைல் நடந்து அவர்கள் வாசலுக்கு வந்தான். வேர்த்துக் கொட்டியது. பெயர் நசுருல்லா, ஊர் தம்மம்பட்டி, மதியழகனோடு ஒரே படையில் இருந்தவன் என்று சொன்னான். மயிலம்மாள் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். காளியண்ணன் பயந்த வார்த்தை இப்போது நடந்தே வந்துவிட்டது.

"ரெண்டு கடுதாசி போட்டேங்கய்யா. பதிலே வரல. என்னாலதான் உங்க புள்ள போனான்னு கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன். நடக்க முடிஞ்சதும் நேர்ல வந்து கால்ல விழணும்னு இருந்தேன்" என்றான் அவன்.

மயிலம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

நசுருல்லா மெதுவாகச் சொன்னான். ஒரு மலை, அதற்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் நம்பர்தான். உச்சியில் எதிரி. விடியும் நேரத்தில் இவர்கள் பாறைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டிருக்கும்போது நசுருல்லாவின் இடுப்பில் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கியது. இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. மற்றவர்கள் இறங்கினார்கள். மதியழகன் மேலே ஏறி வந்தான்.

"அடிபட்டவனத் தோள்ல போட்டுத் தூக்கத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. மதி அப்படித் தூக்கல. ரெண்டு கையையும் எனக்கு அடியில கொடுத்து, நெஞ்சோட சேத்து, முன்னாடி தூக்கினான். எறங்கற பாதை அவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காலால தடவித் தடவி எறங்கினான். ஏன் அப்படித் தூக்கினான்னு ஆபீசரக் கேட்டேன், டாக்டரக் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல."

காளியண்ணன் தலை நிமிர்ந்தார்.

"தாவாங்கட்டைய எங்க வெச்சிருந்தான் சாமி?"

"என் தலை மேல."

காளியண்ணன் எழுந்தார். வந்தவனைக் கைகொடுத்து எழுப்பி நிறுத்தினார். குனிந்து இரு கைகளையும் அவனுக்கு அடியில் கொடுத்து, குழந்தையைப் போல வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்து, அவன் உச்சந்தலையில் தாவாங்கட்டையை ஊன்றினார்.

"இப்படிங்களா?"

"இப்படித்தான்" என்று அவருடைய சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மேலேருந்து சுட்டாங்க. அவன் ஆடினது எனக்குத் தெரிஞ்சது, மூணு தடவ. என் மேல ஒண்ணும் படல. அதுக்கப்புறமும் எறங்கினான் அய்யா. ஒரு பாறைக்குப் பின்னால கொண்டாந்து, இடுப்பு கொஞ்சம்கூட அலுங்காம கீழ வெச்சான். அலுங்கியிருந்தா நான் இன்னிக்கு நடக்கவே மாட்டேன்னு டாக்டர் சொன்னாரு. வெச்சிட்டு, என் தலையில ரெண்டு தட்டு தட்டினான். அப்புறம்தான் உக்காந்தான்."

காளியண்ணன் அவனைப் பூப்போல இறக்கிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதார். மகன் செத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. மூச்சு முட்டுகிற உயரத்தில், பனி படிந்த கல்லில், ஆறு கட்டுக்கும் மேலான பாரத்தை முதுகில் மூன்று குண்டோடு சுமந்து இறங்கியிருக்கிறான். முப்பது வருஷம் தூக்கியவருக்கு அது என்னவென்று உலகத்தில் யாரைவிடவும் நன்றாகத் தெரியும். அவரால் அதில் பாதி தூரம் வந்திருக்க முடியாது. தன் வீட்டில் தன் சோற்றைத் தின்று வளர்ந்தவனை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையைத்தான் இரண்டரை வருஷமாக ஓடுகாலி என்று மனசுக்குள் வைத்திருந்தார்.

பிறகு அவரே பெட்டியைத் திறந்து இரண்டு கடிதங்களையும் எடுத்து மயிலம்மாள் மடியில் வைத்தார். முதுகில் தொட்ட மூன்று இடங்களைப் பற்றிச் சொன்னார். ஏன் பிரிக்கவில்லை என்றும் சொன்னார். அவள் கடித உறைகளைத் தடவிக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"எம் பையன் ஓடுவான்னு நீங்க எப்படீங்க நெனச்சீங்க?" என்றாள்.

நசுருல்லா அந்தக் கடிதங்களை அவனே உரக்கப் படித்துக் காட்டினான். மத்தியானம் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். பஸ் வரை காளியண்ணன் கூடவே நடந்தார்.

அந்த ஜனவரி இருபத்தாறாம் தேதி பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவர் போனார். கூப்பிடக்கூட இல்லை, அவராகவே போய் நின்றார். தலைமையாசிரியர் பதறிப்போய் நாற்காலி போட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் பிடித்துப் பழக்கமில்லாத மனிதர், வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தை நேராகப் பார்த்தார்.

"எம் பையனுக்கு முதுகுல மூணு குண்டுங்க" என்றார். கூட்டம் திகைத்தது. ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெஞ்சுல ஒரு ஆளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.