பேரணாம்பட்டு நிலா

மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன். சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் நான். பழைய விஞ்ஞானப் படங்கள் சேர்ப்பது என் பைத்தியம். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட திமிங்கிலம், வால்நட்சத்திரம், எலும்புக்கூடு என்று ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தேன். பேரணாம்பட்டுத் தோல் வியாபாரி கரீம் சாயபு வீட்டில் பாய் அகலத்துக்கு ஒரு நிலாப் படம் தொங்குவதாகக் கேள்விப்பட்டு எழுதினேன். வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பதில் போட்டிருந்தார்.

பஸ் கட்டணம் நாலணா. தூரம் பன்னிரண்டு மைல் என்றார்கள். டிரைவர் என் தகரக் குழாயைப் பார்த்தார்.

"இன்னா சார் அது, துப்பாக்கியா?"

"படம் சுருட்டி வைக்கிற குழாய்."

"அப்ப முன்னாடி குந்துங்க. பின்னால தோல் மூட்டை ஏறும், நசுங்கிப் பூடும்."

ஊர் நெருங்க நெருங்க, தோல் பதனிடும் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த வாடை. இறங்குவதற்குள் அது பழகிவிட்டது.

சாயபு டீ கொடுத்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார். லண்டனுக்குத் தோல் அனுப்பிய காலத்தில் அங்கிருந்த ஏஜெண்டு அவர் தகப்பனாருக்குக் கொடுத்த படமாம். ஒவ்வொரு குழியின் நிழலையும் மயிரிழைக் கோடுகளால் இழைத்திருந்தான் எவனோ. ஆசையோடு சட்டத்தில் கை வைத்தேன்.

"அதக் குடுத்துட்டா எனக்கு ஆம்பூர் எங்க?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. சாயபுவின் மனைவி.

சாயபு தவித்துப்போனார். "மன்னிச்சுக்குங்க சார். வூட்ல கேக்காம எழுதிட்டேன்."

"அந்தப் பெரிய குழிதான் எங்கம்மா வூட்டு ஆம்பூர்," என்றது குரல். "கீழ கருப்பாப் போறது பாலாறு. நான் வெளிய போறது கம்மி. வேல முடிஞ்சா இதுல ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்."

கையை எடுத்துவிட்டேன். மனம் மட்டும் கேட்கவில்லை. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது?

"பார்த்து வரைஞ்சு எடுத்துக்கட்டுமா அம்மா?"

"வரைங்க. ஆனா பேரெல்லாம் நான் சொல்றதத்தான் எழுதணும்."

பொழுது சாயும்வரை தரையில் தாளை விரித்து வரைந்தேன். சாயபு கைத்தடியால் ஒவ்வொரு குழியாகத் தொட, அந்தம்மாள் பெயர் சொன்னார்.

"இந்தச் சின்னது?" என்றார் சாயபு.

"நம்ம பெரிய பொண்ணக் குடுத்த வாணியம்பாடி."

சாயபு சிரித்துவிட்டார். "இத்தினி வருசமா இதுக்குக் கீழதான் உக்கார்றேன். இப்பத்தான் சொல்றே!"

"இப்பத்தான கேக்குறீங்க."

கடைசி பஸ்ஸில் ஆம்பூர் திரும்பி, ரயிலேறினேன். சீமையில் அச்சிட்ட என் படங்களைப் பூச்சிக்குப் பயந்து பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் அவற்றை எட்டிப் பார்த்ததில்லை. கூடத்தில் மாட்டியிருப்பது பேரணாம்பட்டு நிலா ஒன்றுதான். என் மனைவி தன் பிறந்த ஊரான திருவையாற்றுக்கு அதில் ஒரு குழி பார்த்து வைத்திருக்கிறாள்.