எங்கள் வீட்டு வட்டவிதானை

எங்கள் வளவில் மூன்று வீடுகள். நடுவில் உம்மாவும் வாப்பாவும் கடைசி மகளான நானும் இருக்கும் பழைய வீடு. இரண்டு பக்கமும் என் அக்காமாரான ராத்தாமார் இருவருக்கும் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மச்சான்மார் இருவரும் இந்த வளவுக்குள்தான் இருக்கிறார்கள். இணைய இணைப்பு மட்டும் ஒன்றே ஒன்று. அது உம்மாவின் வீட்டில் வந்து இறங்கி, அங்கிருந்து வயரில் இரண்டு பக்கமும் போகிறது.

மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து தரும் இணைப்பு. மாதம் முடியுமுன்பே அளவு முடிந்து, ஒரு படம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். குற்றம் யாரிலும் இல்லை. ஃபோன்கள் யாரையும் கேட்காமல் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு சமையல் குறிப்பைத் திறந்தால் கூடவே விளம்பரப் படங்களும் ஓடத் தொடங்கும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். உம்மா கையெழுத்து மட்டும் வைப்பார். ராத்தாமார் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டார்கள். என் பட்டமளிப்புப் படம் முன் அறையில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் வாப்பா அதைக் காட்டுவார். ஆனால் நான் என்ன படித்தேன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அதைக் கண்ணால் காட்ட எனக்கு ஒரு வழி கிடைத்தது.

அலுவலகத்தில் கழித்து ஒதுக்கிய மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பட்டரி செத்தது, திரையில் கோடு, நினைவகமோ இன்றைய மலிவான ஃபோனில் இருப்பதைவிடக் குறைவு. அதில் ஒரு புரொக்சியை நிறுவினேன். வீட்டு ஃபோன்கள் நேரே வெளியே போகாமல் இதனிடம் கேட்கும். இது போய் வாங்கி வந்து கொடுக்கும். இப்போது பெரும்பாலான பக்கங்கள் மறையாக்கப்பட்டு, ஒட்டிய உறைக்குள் வரும் கடிதம்போல வருவதால் உள்ளே இருப்பதை இது பார்க்க முடியாது. உறை எந்த விலாசத்துக்குப் போகிறது என்பது மட்டும் தெரியும். அதுவே போதும். விளம்பரக்காரர்களின் விலாசங்களை மறித்தேன். ஃபோன் புதுப்பிப்புகளை மாதக் கடைசிக்குத் தள்ளினேன். கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பும்படியும் அமைத்தேன். அந்த மாதம் கடைசி நாள் வரை மூன்று வீட்டுக்கும் நெட் இருந்தது.

மாவடிப்பள்ளியில் வயல் செய்கிற வாப்பாவுக்கு அது உடனே பிடிபட்டது.

"இது எங்கட வட்டவிதானைட வேலைதானே. மேல்வயல்காரன் தண்ணிய முழுசா உறிஞ்சாம, கடைசி வயலுக்கும் பங்கிட்டு விடுறது."

அன்றிலிருந்து இந்த மடிக்கணினிப் பெட்டிக்கு, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் அந்த ஆளின் பெயர்தான். படத்தைக் காட்டிய பிறகு வாப்பா பெட்டியையும் காட்டத் தொடங்கினார்.

இரண்டாம் மாதம் சிக்கல் வந்தது. மூத்த ராத்தாவின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அந்த மாதம்தான் அவளுக்குப் பாடசாலை விட்டு வந்து, பின்னேரம் ஃபோனில் விஞ்ஞான வகுப்பு தொடங்கியது. வகுப்பின் நடுவில் நெட் நின்றுவிடும். திரும்பி வரும்போது அவளுக்குப் பாதிப் பாடம் போயிருக்கும். கிழமை நாள் எல்லாம் இதே கதை. அந்த நேரம் நான் அலுவலகத்தில் இருப்பேன். வேலை விட்டு வந்து பார்த்தால் பெட்டி ஒன்றும் நடவாததுபோல ஓடிக்கொண்டிருக்கும்.

மூத்த மச்சான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மைத்துனியான என்னைக் கேட்பார்.

"என்ன மச்சி, வட்டவிதானை இண்டைக்கும் நித்திரையோ?"

"கரண்ட் போயிருக்கும் மச்சான்."

"கரண்ட் இருந்திச்சே. எங்கட ஃபேன் சுத்தினதான்."

வெயில் நேரம், சூட்டில்தான் விழுந்து எழும்புகிறது என்று முடிவு செய்தேன். திறந்து தூசி தட்டினேன். கீழே இரண்டு கட்டை வைத்து உயர்த்தினேன். அதற்குப் பிறகும் நின்றது.

மச்சான் கோபக்காரர் இல்லை. அமைதியாகத்தான் சொன்னார்.

"மாசம் முடியட்டும் மச்சி. எங்கட வீட்டுக்கு வேற லைன் எடுக்கப் போறன். புள்ளட சோதினை விளையாட்டில்லதானே."

அவர் சொன்னது நியாயம். ஆனால் அவர் போனால் சின்ன மச்சானும் போவார். பிறகு அந்தப் பெட்டிக்கு வேலை இல்லை. நான் படித்ததற்கு அடையாளமாக மறுபடியும் சுவரில் தொங்கும் படம் மட்டும்தான் இருக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு நாள் லீவு போட்டுப் பெட்டிக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். வகுப்பு தொடங்கியது. பெட்டி இரைந்துகொண்டு நன்றாகவே ஓடியது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொன்னது. உம்மா குசினியிலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்தார். ரேடியோவை நிப்பாட்டினார். மின்விசிறியை நிப்பாட்டினார். என்னைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்குக் கரண்ட் போகும் சுவர் சுவிட்சையும் நிப்பாட்டினார்.

"உம்மா, என்ன செய்யிறீங்க?"

"வாங்கு சொல்லுது, கேக்கல்லையா?"

"இது ரேடியோ இல்லயே."

"ரேடியோ இல்லாட்டி என்னகா, இரையுதுதானே. வாங்கு சொல்லக்குள்ள வீட்டுக்க ஒண்டும் இரையப்படாது."

தொழுது முடித்ததும் உம்மாவே எல்லாவற்றையும் திரும்பப் போட்டார். பெட்டி தானாக எழும்பியது. ஐந்து நேரமும் இதுதான் நடந்திருக்கிறது. மற்ற நேரங்களில் நாங்கள் எல்லோரும் தொழுகைக்கு முன் கை கால் கழுவும் வுளூவிலும் தொழுகையிலும் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வகுப்பு இல்லாத சனி ஞாயிறில் அஸருக்கும் அப்படித்தான்.

"இத மட்டும் விட்டுடுங்களன் உம்மா. புள்ளட படிப்பு நிக்குது."

உம்மா யோசித்தார்.

"ஓம், விட்டுடலாம். நான் மறக்கமாட்டன். கைதான் மறந்து போய் நிப்பாட்டிப் போடும். இரைச்சல் கேட்டா அது தன்ட பாட்டுக்குப் போகுது."

அது உண்மை. அந்தக் கை என் பிறப்புக்கு முன்பிருந்தே வாங்குக்குச் சத்தங்களை நிறுத்தி வருகிறது. சுவிட்சில் கடதாசி ஒட்டலாம் என்றால் உம்மாவுக்கு வாசிக்க வராது. ஒட்டவும் எனக்கு மனமில்லை. உம்மாவிடம் பிழை இல்லை. இரைவது பெட்டிதான்.

பெட்டி ஏன் இரைகிறது என்று பார்த்தேன். நான் போட்டிருந்தது பெரிய புரொக்சி. பக்கங்களைச் சேமித்து வைக்கும், மறிக்கும் விலாசங்களின் நீண்ட பட்டியல் ஒன்றையும் சுமக்கும். சிறிய நினைவகத்தில் அது முக்கி முனகி, கணினி சூடாகி, உள்விசிறி சுழலும். உறைக்குள் வருவதைச் சேமிக்க முடியாதபோது சேமிப்பு எதற்கு? அதைக் கழற்றினேன். பெரிய புரொக்சியை நீக்கி, வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யும் சின்ன ஒன்றைப் போட்டேன். பட்டியலில் எங்கள் மூன்று வீடும் உண்மையில் போகிற இடங்களுக்குத் தேவையானதை மட்டும் விட்டேன். கணினியின் வேகத்தையும் குறைத்து வைத்தேன். உள்விசிறி நின்றது. காதை வைத்தால் மட்டும் வன்தட்டின் மெல்லிய ஓசை கேட்டது.

அடுத்த நாளும் லீவு. பக்கத்து வீட்டில் வகுப்பு தொடங்கியிருந்தது. வாங்கு சொன்னது. உம்மா வந்தார், ரேடியோவை நிப்பாட்டினார், மின்விசிறியை நிப்பாட்டினார். கை பெட்டியின் சுவிட்சுப் பக்கம் போய் நின்றது.

"இது ஓடுதா, இல்ல மௌத்தாப் போயிட்டா?"

"ஓடுது உம்மா."

உம்மா கையை எடுத்துக்கொண்டார். எனக்கு இப்போது வேறு கவலை. மின்விசிறி நின்றதால் அறை சூடேறியது. சூடேறினால் பெட்டியின் உள்விசிறி மறுபடியும் சுழலும். என் கழுத்தில் வியர்வை இறங்கியது. உம்மா அங்கேயே நின்று வாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மடிக்கணினியின் மூடியில் உள்ளங்கையை வைத்தபடி இருந்தேன். இளஞ்சூடுதான். வாங்கு முடியும்வரை அது இரையவில்லை. உம்மா வுளூ செய்யப் போனார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விஞ்ஞான ஆசிரியரின் குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

மாதம் முடிந்தது. லைன் எடுப்பதைப் பற்றி மச்சான் கதைக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"அதுவா? லைன்காரன வர வேணாமெண்டு செல்லிட்டன்," என்றார். "வட்டவிதானை இப்ப நித்திரை கொள்றல்லையே."