சந்தனம் பூசிய போன்

அம்மா வேலைக்குப் போகாமலே போனதாகச் சொல்கிறார் என்று அவருடைய கம்பெனி மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அப்படி நேராக எழுதவில்லை. ‘பதிவாகாத வருகைகள்’ என்று எழுதியிருந்தார்கள். அலுவலகத்துக்கு வந்து விளக்கம் தர வேண்டும், விளக்கம் போதாவிட்டால் வேலை நிறுத்தப்படலாம். அம்மா அதை என்னிடம் வாசிக்கத் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பது அம்மாவின் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு கியூஆர் குறி ஒட்டியிருப்பார்கள். உள்ளே போனதும் போன் கமராவால் அதைப் பிடிக்க வேண்டும். வெளியே வரும்போதும் பிடிக்க வேண்டும். பிடித்தால் அம்மா அங்கே இருந்தார். பிடிக்காவிட்டால் இருக்கவில்லை. அம்மா அந்த வீட்டில் யாருக்குக் காலுறை மாட்டிவிட்டார், யாரைக் கழிவறைக்குக் கூட்டிப் போனார் என்பதெல்லாம் அலுவலகத் திரைக்குத் தெரியாது.

பிரச்சினை பெரும்பாலும் ஒரு வீட்டில்தான். மனோர் பார்க்கில் தனியாக இருக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவருக்கு ஞாபகம் போய்விட்டது. காலையில் அம்மா கஞ்சி கொடுத்துவிட்டு வந்தால் மத்தியானம் அம்மாவை யாரென்று கேட்பார். ஆகவே சாட்சி சொல்ல ஆளில்லை.

“ஸ்கான் பண்ண மறந்தனீங்களோ?” என்று கேட்டேன்.

“நான் மறக்கேல்லை. கமராவைத் திறக்கப் போன் நூந்து கறுத்துப் போகுது.”

“எப்பவிருந்து?”

“வாங்கின கிழமையே.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ சண்டைக்குப் போவாய்.”

அது சரியான கணிப்பு. அதனால் கோபம் இன்னும் கூடியது.

என் தொழில் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. எப்போதும் வரும் பிழை நல்ல பிழை. அதைக் காட்டலாம், திருத்தலாம். இடைக்கிடை வரும் பிழைதான் ஆளைப் பொய்யனாக்கும். அம்மாவின் போன் அப்படிப்பட்டது. சில நாள் ஒழுங்காக வேலை செய்யும். சில நாள் கமராவைத் திறந்தவுடன் திரை கறுத்துவிடும். மறுபடி எழும்பும் வரை அம்மா அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நிற்பாராம். உள்ளே கிழவர் கத்திக்கொண்டிருப்பார். அம்மா போனை மேசையில் வைத்துவிட்டு அவரிடம் ஓடுவார். திரும்பி வரும்போது பதிவுக்கான நேரம் கடந்திருக்கும்.

அன்றே என் பழைய போனில் அம்மாவின் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். இனி வரும் நாட்களுக்கு அது போதும். போன மாதங்களுக்கு ஒன்றும் செய்யாது. போனவற்றுக்கு, அந்தப் போன் வாங்கும்போதே பழுது என்று யாராவது எழுதித் தர வேண்டும். எழுத வேண்டியவர் விற்றவர்.

விற்றவர் எங்கட ஆள். இல்ஃபோர்ட்டில் கடை வைத்திருக்கிறார். கோயிலில் காணும்போது அம்மாவை “அக்கா” என்று கூப்பிடுவார். மாதாமாதம் கட்டும் ஒப்பந்தத்தில் அம்மாவுக்குப் போன் கொடுத்தவரும் அவர்தான். அம்மா முதல் கிழமையே அவரிடம் போயிருக்கிறார். ‘அப்டேட் பண்ணினால் சரிவரும்’ என்றாராம். பிறகு ‘கவரைக் கழற்றிப் பாருங்கோ’. பிறகு ‘வாற கிழமை வாங்கோ அக்கா’. இந்த நாட்டுச் சட்டத்தில், வாங்கி முப்பது நாளுக்குள் பழுதென்றால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த முப்பது நாளும் ‘வாற கிழமை’யில் கரைந்துவிட்டன. அம்மா ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பியிருக்கவில்லை.

“எங்கட ஆக்களிட்ட எழுத்தில கேக்கிறதே? என்ன நினைப்பினம்?” என்றார்.

எங்களுடைய ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெள்ளைக்காரக் கடையென்றால் பற்றுச்சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்திருப்போம். எங்கட ஆளென்றால் வாய்ச்சொல் போதும். அவருக்கும் அது தெரியும். அதில்தான் அவர் கடை ஓடுகிறது.

கடைசியாக ஒருமுறை அவர் போனைத் திருத்துமிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். திருத்தாமல் ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தது. சார்ஜ் போடும் துளைக்குள் மஞ்சள் தூள். பாவித்தவர் செய்த பழுது. உத்தரவாதம் செல்லாது.

தூளை ஊசியால் கிண்டி எடுத்து மணந்து பார்த்தேன். சந்தனம்.

“போனுக்கு ஏனம்மா சந்தனம் வச்சனீங்கள்?”

“நான் வைக்கேல்லையடி.”

நான் நம்பவில்லை. கம்பெனி நம்பாத அதே குரலில் நானும் கேட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

சனிக்கிழமை கடைக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் என் தேவைகளை வரிசையாக எழுதினேன். பழுதை ஒப்புக்கொண்டு கடை முத்திரையோடு ஒரு எழுத்து. போனைத் திருப்பி எடுத்தல். ஒப்பந்தத்தை முடித்தல். இந்த ஒழுங்கில்தான். முதலாவது கிடைக்காமல் இரண்டாவதைக் கொடுக்கக்கூடாது, ஏனென்றால் பழுதான போன் எங்கள் கையில் இருக்கும்வரைதான் எங்களுக்கு வழக்கு இருக்கிறது. பக்கத்தில் அம்மா மடியில் ஒரு டப்பா வைத்திருந்தார்.

“என்னது?”

“பயத்தம் பணியாரம். சும்மா கையோட போறதே?”

முறைப்பாடு சொல்லப் போகும் ஆளுக்குப் பலகாரம். நான் என் பட்டியலுக்குத் திரும்பினேன்.

கடையில் சனம். எங்களுக்கு முன்னால், டெலிவரிக்காரர்கள் போடும் மின்னும் மேற்சட்டையோடு ஒருவர் புதுப்போன் வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் போனைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பின்னால் இருந்த பிள்ளையார் படத்துக்கு ஒருமுறை காட்டினார். படத்தடியில் இருந்த கிண்ணத்தில் விரலைத் தோய்த்துப் போனின் கீழ் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். போனுக்கு எது நெற்றி என்று அவருக்குக் குழப்பம் போல. பொட்டு நேரே சார்ஜ் துளையில் விழுந்தது.

“நல்லா ஓடும் தம்பி. சந்தோசமாக் கொண்டு போம்.”

நான் வரிசையை விட்டு முன்னால் போனேன்.

“அங்கிள், எங்கட போனுக்கும் நீங்கள்தானே இப்பிடிப் பொட்டு வச்சனீங்கள்?”

“ஓம் பிள்ளை. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் வைக்கிறனான். காசு எடுக்கிறேல்லை.” அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “வாங்கோ அக்கா.”

“அப்ப இந்தத் துண்டை ஒருக்கா வாசியுங்கோ. துளைக்குள்ள மஞ்சள் தூள், பாவிச்ச ஆளின்ர பிழை எண்டு கிடக்கு.”

அவர் வாசிக்கவில்லை. டெலிவரிக்காரர் தன் புதுப்போனைத் திருப்பிப் பார்த்துச் சட்டை நுனியால் அவசரமாகத் துடைத்தார்.

“அண்ணை, அப்ப என்ர உத்தரவாதமும் போச்சோ? வாசல் தாண்ட முதலே?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண், “எனக்குப் பொட்டு வேண்டாம் அண்ணை, பில்லை மட்டும் தாங்கோ” என்றாள். கடைக்காரரின் முகம் மாறியது.

“அக்கா, உங்கட மகள் லோயரோ?”

“இல்லைத் தம்பி, கொம்பியூட்டர்,” என்றார் அம்மா, மன்னிப்புக் கேட்பதுபோல.

“சந்தனத்தால போன் நூராது,” என்றார் கடைக்காரர் என்னிடம்.

“அதைத்தான் நானும் சொல்லுறன். பழுது சந்தனத்தால இல்லை. போன் வரேக்கயே பழுது.”

“எங்க, காட்டும் பாப்பம்.”

கமராவைத் திறந்தேன். திறந்தது. மூடித் திறந்தேன். அழகாகத் திறந்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“பாத்தியளே அக்கா? பிள்ளைக்குக் கோவம்தான் கூட. போனில ஒண்டுமில்லை.”

அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். நான் அந்தப் போனையும் என் போனையும் கையில் பிடித்தபடி வெளியே போய் நடைபாதையில் நின்றேன். வீட்டில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துத்தான் வந்திருந்தேன். அம்மா பஸ் தரிப்பிடத்திலிருந்து குளிரில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். குளிர்ந்த பற்றரி, பாதிக்குக் கீழே சார்ஜ், உடனே கமரா. அந்த மூன்றும் சேர்ந்தால் தப்பாது. கண்ணாடிக்கு உள்ளே எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விரல்கள் மரத்துப்போன பிறகு உள்ளே வந்து, அவருடைய மேசையில் போனை வைத்துக் கமராவைத் தொட்டேன். திரை கறுத்தது.

“இன்னொருக்கா வேணுமோ?”

“குளிருக்கு எல்லாப் போனும் அப்பிடித்தான்.”

என் போனும் என் கையில்தான் குளிர்ந்திருந்தது. அதன் கமராவைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு புதுப்பெட்டியை எடுத்து வைத்தார். “சரி, விடும். இதைக் கொண்டு போங்கோ அக்கா. பழசைத் தாங்கோ. எங்களுக்குள்ள என்ன.”

அம்மா கையை நீட்டிவிட்டார். நான் பெட்டியின் மேல் என் கையை வைத்தேன்.

“வேண்டாம். எழுதித் தாங்கோ.”

“என்னத்தை?”

“கமரா திறக்கப் போன் நூருது, வாங்கின கிழமையே அம்மா கொண்டு வந்தவ எண்டு. அம்மாவின்ர வேலை போகப்போகுது அங்கிள். அவ அந்த வீட்டுக்குப் போகேல்லை எண்டு சொல்லுறாங்கள்.”

“எழுதினால் நான் பிழை விட்டன் எண்டெல்லோ வரும்.”

“வாங்கி ஆறு மாசத்துக்குள்ள பழுதெண்டால் விக்கேக்கயே இருந்த பழுதெண்டுதான் சட்டம் எடுக்கும். இல்லையெண்டு நிரூபிக்க வேண்டியது நீங்கள். திருத்த ஒரு சந்தர்ப்பம் இருந்தது, அதுவும் முடிஞ்சுது. இனி போனும் வேண்டாம், அந்த ஒப்பந்தமும் வேண்டாம்.”

“போனைச் செய்த கம்பெனிக்காரனிட்டப் போய்க் கேளும்.”

“பில்லில உங்கட கடைப்பேர்தான் கிடக்கு.”

“எங்கட ஆக்கள் எண்டு செய்து குடுத்ததுக்கு இதுதான் மிச்சம்,” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலை குனிந்துகொண்டார். அந்த மனிதரை நான் வெறுத்தது அப்போதுதான். பழுதான போன் விற்றதற்காக அல்ல. யாரைப் பார்த்துச் சொன்னால் வேலை செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததற்காக.

“அண்ணை, எழுதிக் குடுங்கோவன். எங்களுக்கும் வேலை கிடக்கு,” என்றார் வரிசையில் ஒருவர்.

எழுதினார். முதலில் ‘கமரா பிரச்சினை’ என்று மட்டும் எழுதினார். நான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் முறை முழுவதும் எழுதி, முத்திரையை மேசை அதிரக் குத்தினார். அதை வாங்கிய பிறகே பழைய போனைக் கொடுத்தேன். ஒப்பந்தம் முடித்ததற்கான மின்னஞ்சலும் அங்கேயே நின்று வரவழைத்தேன். அவர் பணியார டப்பாவை ஒற்றை விரலால் அம்மாவின் பக்கம் தள்ளினார்.

“இதையும் கொண்டு போங்கோ.”

பஸ்ஸில் அம்மா எனக்கு முன் இருக்கையில் தனியாகப் போய் இருந்தார். டப்பாவை நிமிர்த்தியே பிடித்திருந்தார், உள்ளே ஒன்றும் உடையக்கூடாது என்பதுபோல.

கம்பெனிக் கூட்டத்துக்கும் நான் கூடப் போனேன். மேலாளருக்கு என் வயதுதான் இருக்கும். கடைக்காரரின் எழுத்தை வாசித்தாள். திருத்துமிடத்தின் துண்டை வாசித்தாள். போன் திரை கறுப்பதை நான் வீட்டில் எடுத்து வைத்திருந்த காணொளியையும் பார்த்தாள். பிறகு கணினியில் ஏதோ தெரிவுசெய்து, இனி ஒரு நடவடிக்கையும் இல்லை, இதில் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு தாளை அச்சிட்டுத் தந்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயிலோ தாளிலோ இல்லை.

அம்மா பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

“என்ன போட்டிருக்கு?”

“‘சரிபார்க்க முடியாத வருகை. சாதனக் கோளாறு.’”

“அப்ப நான் போனனான் எண்டு எங்க இருக்கு?”

“போகேல்லை எண்டும் இல்லையம்மா. வேலை தப்பிட்டுது. அது காணும், வேறென்ன வேணும்?”

“உனக்குக் காணும்.”

பேனாவை மூடி மேசையில் வைத்தார். தன் ஆங்கிலத்தில், சத்தமில்லாமல், அவளிடம் சொன்னார்: நான் போனேன். ஒவ்வொரு நாளும் போனேன். அதை எழுது.

கணினியில் அப்படி ஒரு தெரிவு இல்லை என்றாள் அவள். அம்மா கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு இருந்தார். எழும்பும் எண்ணம் இல்லை என்பது தெரிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என்னைப் பார்க்காமலே, “நீ பேசாமல் இரு” என்றார். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். மேலாளர் கதவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கீழே குறிப்புக்கான இடம் ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். எல்லா வருகைகளுக்கும் பணியாளர் நேரில் சென்றார் என்று அதில் தட்டினாள். அம்மா என்னை அதை இரண்டு முறை வாசித்துச் சொல்ல வைத்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

தெருவுக்கு வந்ததும், “இனிக் கோயிலில அந்தத் தம்பியின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?” என்றார்.

“அதை அவரெல்லோ யோசிக்கோணும்.”

“சனத்துக்கு முன்னால செய்திருக்கத் தேவையில்லை.”

“சனம் இல்லாட்டி எழுதியிருக்க மாட்டார்.”

அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் சொன்னதை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. அம்மாவும் மாற்றிக்கொள்ளவில்லை. ரயில் நிலையப் படியில் அவருக்கு அடுத்த நாளுக்கான அட்டவணை வந்தது. முதல் வீடு மனோர் பார்க். அம்மா அதை வாசித்துவிட்டு, அந்த மனுசனுக்குப் பால் முடிந்திருக்கும், போகும் வழியில் வாங்க வேண்டும் என்றார்.